போனது திரும்பி வந்துச்சா?

செந்தூலில் நான் வேலை பார்த்த அடுக்குமாடிக் கொண்டோ ஆபீஸில் அக்காவுக்கும் எனக்கும் ஒரே மேசை. நடுவில் ஒரு பிரிண்டர், அதுதான் எல்லை. மேலே ஒழுகுகிறது, கீழே நாறுகிறது, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது என்று வருகிற புகாரெல்லாம் என் தலையில். கார்டு, சாவி, பார்க்கிங் எல்லாம் அக்கா தலையில். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சீனர்களுக்கும் அக்கா, மலாய்க்காரர்களுக்கும் அக்கா, நேப்பாளத்திலிருந்து வந்த செக்யூரிட்டிக்கும் அக்கா. சம்பளச் சீட்டில் மட்டும் வேறு ஏதோ இருந்திருக்க வேண்டும்.

முதல் நாளே எனக்கு எரிச்சல் மூட்டிவிட்டார். சாயங்காலம் ஆபீஸைப் பூட்டினார். சாவியை எடுத்தார். மறுபடி போட்டுத் திறந்தார். மறுபடி பூட்டினார்.

"உள்ள எதையாவது விட்டுட்டீங்களா அக்கா?"

"இல்லம்மா. பூட்டினது திறக்குதான்னு பாக்க வேணாமா? நாளைக்குக் காலையில திறக்கலன்னா நீயும் நானும்தானே வெளிய நிக்கணும்."

"இப்ப ரெண்டாவது தடவை பூட்டினீங்களே, அது திறக்குமா?"

சும்மா கிண்டலுக்குத்தான் கேட்டேன். அக்கா நின்று யோசித்தார். பிறகு சாவியை மறுபடி போட்டார். அன்றைக்கு எனக்கு ரயில் போய்விட்டது. அதற்குப் பிறகு அவரிடம் நான் அந்த மாதிரிக் கேள்வி கேட்டதே இல்லை.

நான் எதையும் ஒரு தடவை செய்துவிட்டுச் சாப்பிடப் போகிற ஆள். தப்பாக இருந்தால் யாராவது திட்டுவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம். அக்காவுக்கு அது ஆகாது. அவருக்கு ஒரு காரியம் நடந்தால் போதாது, நடந்தது வந்த வழியே திரும்பியும் வரவேண்டும். "போனது திரும்பி வந்துச்சா?" என்பதுதான் அவருடைய கேள்வி. தபாலுக்கும் அதே, குடைக்கும் அதே, கல்யாணமான பெண்ணுக்கும் அதே.

"நம்ம ஆளுங்க யாராவது 'போறேன்'னு சொல்லுவாங்களா? 'போயிட்டு வரேன்'னுதானே சொல்றோம்" என்பார். "போறதுங்கிறது பாதி வேலைதான்மா."

அவர் வீட்டுக்காரர் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். ஜொகூர் போனால் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன், திரும்பும்போது ஒரு போன், வீட்டு வாசலுக்கு வந்ததும் ஒரு போன். வாசலில் நிற்கிற மனிதர் உள்ளே இருக்கிற பெண்டாட்டிக்குப் போன் போட்டுவிட்டுத்தான் கதவைத் தட்ட வேண்டும். ஒரு தீபாவளி விருந்தில் அவர் என்னிடம் சொன்னார்: "லோரிக்கு கம்பெனி ஒரு ஜிபிஎஸ் வெச்சிருக்கு. எனக்கு இவ ஒண்ணு வெச்சிருக்கா. கம்பெனியோடதாவது சுரங்கத்துக்குள்ள போனா விட்டுரும்."

சாப்பாட்டுக் கடையில்தான் அக்காவோடு போகக் கூடாது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடை. தமிழ்நாட்டிலிருந்து வேலை பர்மிட்டில் வந்த ஒரு பையன் எங்களிடம் ஆர்டர் எடுத்தான். அக்கா சொன்னார், அவன் திருப்பிச் சொன்னான், சரியாகத்தான் சொன்னான். அக்காவுக்குப் போதவில்லை. "இப்ப கடைசியிலேர்ந்து சொல்லு, பாப்போம்" என்றார். பாவம், அவன் பாயசத்திலிருந்து ஆரம்பித்து மேலே வந்தான். வந்து வைத்தபோது எனக்கு இரண்டு மீன், அக்காவுக்கு ஒன்றுமில்லை.

"ஏன் தம்பி, சொல்லும்போது சரியாத்தானே சொன்ன?"

"முதல்ல சொல்றப்ப சரியாத்தான் இருந்துச்சுக்கா. நீங்க மறுபடி கேட்டீங்க பாருங்க, அங்கதான் குழம்பிருச்சு."

நான் சிரித்ததில் ரசம் மூக்கில் ஏறியது. அக்கா சிரிக்கவில்லை. என் இலையிலிருந்த ஒரு மீனை எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட ஆளின் கையில் பதினாறாம் கணக்கைக் கொடுத்தால் என்ன ஆகும்?

எங்கள் கொண்டோவில் லிஃப்ட்டுக்குள் கார்டைத் தட்டினால்தான் மாடிப் பொத்தான் எரியும். அதுவும் அவரவர் மாடி மட்டும். அந்த மெஷின் பழசாகிப் போய்ப் புதுசு வாங்கினார்கள். கார்டு அதே கார்டுதான். ஆனால் கார்டின் முதுகில் அச்சடித்திருக்கிற எண் நாம் கடையில் எண்ணுகிற சாதாரண எண். புது மெஷினுக்கு அது புரியாது, அதற்குப் பதினாறு பதினாறாக எண்ணுகிற கணக்கில்தான் வேண்டும். நூற்றுக்கணக்கான கார்டு. யார் மாற்றுவது? அக்காதான்.

முதலில் எனக்குப் பாடம் நடந்தது. நான் கேட்கவே இல்லை.

"நாம சைபர்லேர்ந்து ஒன்பது வரைக்கும் எழுதறோம். அதுக்கு மேல நம்மகிட்ட ஆள் இல்ல. இவனுங்க பதினஞ்சு வரைக்கும் இழுக்கணும். என்ன பண்ணுவான்? இங்கிலீஷ்லேர்ந்து ஆறு பேரை வேலைக்குக் கூட்டிட்டு வந்துட்டான். A-ன்னா பத்து, B-ன்னா பதினொண்ணு. அப்படியே F வரைக்கும்."

"பர்மிட்ல வந்த ஆளுங்க மாதிரி."

"அதே லா. எழுத்துதான், ஆனா இங்க எண் வேலை பாக்குது."

"அப்ப பதினாறு?"

"பதினாறைப் பத்துன்னு எழுதணும்."

"அப்ப பத்து?"

"பத்துதான் A-ன்னு சொன்னேனே."

எனக்குத் தலை சுற்றியது. பதினொன்றாம் மாடியில் கக்கூஸ் அடைத்துக்கொண்டது என்று யாரோ போன் செய்தார்கள். சந்தோஷமாக எடுத்தேன்.

ஆனால் அக்காவுக்கு அந்த வேலையில் கிடைத்த ஆனந்தத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஸ்ப்ரெட்ஷீட்டில் அதற்கென்றே இரண்டு ஃபங்ஷன் இருந்தது. DEC2HEX என்று போட்டால் சாதாரண எண் பதினாறாம் கணக்குக்குப் போகும். HEX2DEC என்று போட்டால் திரும்பி வரும். "பாத்தியா, போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு. எவனோ நம்மள மாதிரி ஆளுதான் செஞ்சிருக்கான்" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். முதல் வரிசையில் கார்டு எண், இரண்டாவதில் மாற்றியது, மூன்றாவதில் திருப்பி மாற்றியது, நான்காவதில் முதலும் மூன்றும் ஒன்றுதானா என்ற கேள்வி. ஒன்றென்றால் TRUE என்று வரும், இல்லையென்றால் FALSE.

கீழே வரைக்கும் TRUE. அக்கா அதை ஒரு வாரம் வீட்டுக் கொலுவைக் காட்டுவதுபோல் எல்லோருக்கும் காட்டினார். பேச்சே மாறிவிட்டது. நான் அவருடைய பாயச டப்பாவை மூடியில்லாமல் திருப்பிக் கொடுத்தபோது கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "FALSE" என்றார்.

மெஷின் கம்பெனிக்கு ஃபார்முலா எல்லாம் வேண்டாம், வெறும் எண்ணும் கமாவும் மட்டும் இருக்கிற CSV ஃபைல் போதும் என்று சொன்னார்கள். அக்கா அப்படியே ஒன்று செய்து சேமித்தார். வேலை முடிந்தது. நானாக இருந்தால் அங்கேயே அனுப்பிவிட்டுப் பால் கலக்காத தே ஓ குடிக்கப் போயிருப்பேன். அக்கா அந்த ஃபைலை மறுபடி திறந்தார். வரிசை குறுகலாக இருந்தது, கண்ணுக்குத் தெரியட்டும் என்று கொஞ்சம் அகலப்படுத்தினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். மூடும்போது மாற்றத்தைச் சேமிக்கவா என்று கேட்டது. சேமி என்றார். அனுப்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் புது மெஷினுக்கு மாற்றினார்கள். வந்த ஆள் முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். முதல் நாளாயிற்றே என்று நானும் அக்காவும் லீவை விட்டுவிட்டு லாபி பக்கத்திலேயே இருந்தோம். வந்தவர்கள் தட்டினார்கள், பச்சை எரிந்தது, போனார்கள். அக்கா ஒவ்வொரு பச்சைக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

நாலு மணி தாண்டியதும் கல்யாணக் கார் வந்தது. பதினாலாம் மாடி ஆன்டி வீட்டுப் பெரிய பையனுக்கு அன்றைக்குக் காலையில்தான் பிரிக்பீல்ட்ஸில் தாலி கட்டு. பெண்ணுக்கு ஊர் ரவாங். மத்தியானச் சாப்பாடு முடிந்து மருமகளை வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். இந்த ஆன்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீடு வாங்கிக் குடிவந்த நாளிலேயே ஒரே கவரில் ஐந்து கார்டு வாங்கினவர். வீட்டில் நாலு பேர்தான். "அஞ்சாவது என் மருமகளுக்கு" என்று வாங்கும்போதே சொன்னாராம். பையன் அப்போது படித்துக்கொண்டிருந்தான்.

நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பெண் வீட்டில் கால் வைக்க வேண்டும்.

ஆன்டியின் வீட்டுக்காரர் அங்கிள் லிஃப்ட்டில் கார்டைத் தட்டினார். சிவப்பு. ஆன்டி தட்டினார். சிவப்பு. மாப்பிள்ளை மாலையை ஒதுக்கிவிட்டுத் தட்டினான், தம்பி தட்டினான். நாலும் சிவப்பு. ஆபீஸ் கார்டு பார்க்கிங் மாடிக்கு மேல் போகாது. மேலேயிருந்து பொத்தானை அழுத்தி லிஃப்ட்டை இழுக்கலாமென்றால், பதினாலாம் மாடி மொத்தமும் இன்னும் கல்யாண மண்டபத்தில் மோர் குடித்துக்கொண்டிருந்தது. படிக்கட்டுக் கதவோ உள்ளேயிருந்து வெளியே வரத்தான் திறக்கும்.

செக்யூரிட்டி சாமான் லிஃப்ட்டின் சாவியைத் தூக்கிக் காட்டினான். "இனி போலே, ஆன்டி" என்றான் மலாயில், இதில் போகலாம் என்று.

"அதுலயா?" ஆன்டிக்குக் குரலே மாறிவிட்டது. "போன மாசம்தானே அந்த எட்டாவது மாடி அங்கிளை அதுல வெச்சுக் கீழ எறக்கினாங்க. என் மருமக அதுலயா வீட்டுக்குள்ள வரணும்?"

செக்யூரிட்டிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சாவியை உடனே பையில் போட்டுக்கொண்டான்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அத்தை வாயைத் திறந்தார். எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பாரே, அந்த அத்தை. "நாலு கார்டும் காலையில வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னைக்குப் புதுசா வந்தது என்னன்னு யோசிச்சுப் பாருங்க."

எல்லோரும் திரும்பிப் பெண்ணைப் பார்த்தார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்து மருதாணிக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வீட்டில் நாளைக்குப் பால் திரிந்தாலும், மாமனாருக்குச் சளி பிடித்தாலும், 'அன்னைக்கு லிஃப்ட்டே திறக்கல' என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். வாழ்க்கை முழுக்க இந்தப் பெண் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அக்கா ஆபீஸுக்குள் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். அனுப்பின ஃபைலைத் திறந்து அந்த வீட்டைத் தேடினார். முதல் கார்டு, 1.23E+48. இரண்டாவது, 1.23E+49.

"இது என்னக்கா, கார்டு எண்ணா?"

அக்கா தன்னுடைய பழைய ஸ்ப்ரெட்ஷீட்டைப் பக்கத்தில் திறந்தார். அங்கே அதே கார்டு 123E46 என்று ஒழுங்காக இருந்தது. பக்கத்தில் TRUE.

"E" என்றார். "பாவி, இந்த E. மத்த அஞ்சு பேரும் ஒரே வேலைதான் பாக்கறானுங்க. E மட்டும் பார்ட் டைம்ல இன்னொரு வேலை வெச்சிருக்கு. பெரிய எண்ணைச் சுருக்கி எழுத E போடுவாங்கல்ல? நான் அந்த ஃபைலைத் திறந்தப்ப, நூத்தி இருபத்து மூணுக்குப் பின்னால நாப்பத்தாறு சைபர்னு இது எடுத்துக்கிச்சு. நான் சேமின்னு வேற சொல்லிட்டேன்."

"அனுப்பறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை திறந்தீங்களே, அதுவா?"

"அதுதான்." அக்காவின் முகம் சுருங்கிப் போயிற்று. "போனது சரி. வந்தது சரி. நான் மறுபடி பாத்தேன் பாரு, அதுலதான் கெட்டுப் போச்சு."

வாழையிலைக் கடைப் பையன் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். நல்ல ஃபைலை இப்போதே அனுப்பினாலும் லிஃப்ட்டுக்குப் போய்ச் சேர அரை மணி ஆகும். மணி நாலு இருபதை நெருங்கியிருந்தது.

அக்கா அந்த வீட்டின் வரிசையில் விரலை வைத்துக் கீழே இறங்கினார். நாலு எண்ணும் நாசமாகியிருந்தது. ஐந்தாவதில் விரல் நின்றது. 123E4A.

"ஒன்பதுக்கு அடுத்தது A" என்றார் மெதுவாக. "கடைசியில ஒரு எழுத்து வந்துருச்சு. அதனால இதைப் பெரிய எண்ணுன்னு எடுத்துக்க முடியல. இது ஒண்ணு மட்டும் மாறல."

"அஞ்சாவது யாரோடது?"

கேட்டுவிட்டு நானே புரிந்துகொண்டேன். இரண்டு பேரும் லாபிக்கு ஓடினோம்.

"ஆன்டி, தப்பு என் மேல" என்று அக்கா எல்லோர் முன்னாலும் சொன்னார். "நான் அனுப்பின ஃபைல்ல நாலு கார்டு கெட்டுப் போச்சு. இந்தப் பொண்ணுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"ஆபீஸ்ல அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் அத்தை.

"மருமகளுக்குன்னு ஒரு கார்டு வாங்கினீங்களே ஆன்டி, அது எங்க?"

ஆன்டி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அது சாமி ரூம்ல வெச்சுக் குடுக்கறதுக்கு."

"இப்பக் குடுங்க."

அங்கிள் குறுக்கே வந்தார். "அஞ்சும் ஒரே கவர்ல வந்த கார்டும்மா. நாலு செத்துப் போச்சு, இது மட்டும் எப்படி உயிரோட இருக்கும்?"

நியாயமான கேள்விதான். நான் அக்காவின் முழங்கையைக் கிள்ளினேன். "முதல்ல நீங்க வாங்கித் தட்டிப் பாருங்க. அப்புறம் அவகிட்ட குடுங்க." உலகத்தில் யாருக்குச் சொல்ல வேண்டியிருந்தாலும் அக்காவுக்கு இதைச் சொல்ல வேண்டியிருந்திருக்காது. பெண் தட்டிச் சிவப்பு வந்தால் அத்தை சொன்னது முத்திரை குத்தினமாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகு எந்த ஃபைலும் அவளைக் காப்பாற்றாது.

"நான் தட்டித் திறந்தா அது ஆபீஸ்காரி கை" என்று அக்கா என் காதில் சொன்னார். "அவ தட்டணும்."

ஆன்டி கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். நாலு மூலையிலும் மஞ்சள். எத்தனை வருஷத்து மஞ்சளோ, பழுப்பேறிப் போயிருந்தது. உள்ளேயிருந்து கார்டை எடுத்து மருமகள் கையில் வைத்தார். அந்தப் பெண் நிமிர்ந்து யாரைப் பார்த்தாள் தெரியுமா? மாப்பிள்ளையை இல்லை, மாமியாரை இல்லை. அக்காவைப் பார்த்தாள்.

"தட்டும்மா" என்றார் அக்கா. "திறக்கும்."

தட்டினாள்.

பச்சை. பதினாலு எரிந்தது.

மாப்பிள்ளையின் தம்பி விசில் அடித்தான். ஆன்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் அப்பவே நெனச்சேன்" என்று ஒரு குரல். யாரென்று பார்த்தால் அதே அத்தை. "மகாலட்சுமி தன் கையாலதான் தொறந்துட்டு வருவேன்னு நின்னிருக்கா. மத்தவங்க தட்டினா எப்படித் தொறக்கும்?" அதே வாய்தான். அந்த வீட்டில் இன்றைக்கும் புது கார் வாங்கினால், புது கடை திறந்தால், முதல் கை மருமகளுடையதுதான் என்று கேள்வி.

லிஃப்ட் கதவு மூடப் போகிற நேரத்தில் அங்கிள் தலையை நீட்டினார். "எதுக்கும் இன்னொரு தடவை தட்டிப் பாத்துக்கலாமா?"

"வேணாம் அங்கிள்" என்றார் அக்கா. "பொண்ணு உள்ள போறா. திருப்பிக் கூப்பிடக் கூடாது. போங்க."

கதவு மூடியது. அக்கா லாபி சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"நெசமாவே திறக்கும்னு தெரியுமாக்கா?"

"ஃபைல்ல மாறாம இருக்குன்னு தெரியும். லிஃப்ட்டு திறக்குமான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? அந்தக் கார்டை இதுக்கு முன்னாடி யாருமே தட்டினதில்லையே." இரண்டு மடக்குக் குடித்தார். "அந்தப் பொண்ணு என்னைப் பாத்துச்சு. பாத்த பொண்ணுகிட்ட 'இரு, நான் முதல்ல பாத்துக்கறேன்'னு சொல்ல முடியல."

பிறகு எழுந்து வந்து, நல்ல ஸ்ப்ரெட்ஷீட்டிலிருந்து புதிதாக ஒரு CSV ஃபைல் செய்தார். மீதி கார்டெல்லாம் அதற்காகக் காத்திருந்தது. சேமித்தார். சேமித்த கையோடு, பழக்க தோஷம், அதைத் திறக்க மவுஸ் நகர்ந்தது.

பிரிண்டரைத் தாண்டி நான் அவர் கையைப் பிடித்தேன். "அக்கா. திறக்காதீங்க."

"ஒரே ஒரு தடவைம்மா."

"திறக்காதீங்க."

அக்கா என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, திறக்காமலே அனுப்பினார். சரிபார்க்காமலே ஒன்றை அவர் போக விட்டது, அன்றைக்கு ஒரே நாளில் அது இரண்டாவது தடவை.